மாதுளை குடித்த கசாயம்

கண்டியில் இருக்கும் என் மகனுக்கு, வட்டுக்கோட்டையில் இருந்து அம்மா எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம். என் இதயம் நல்ல சுகம். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடைமறிக்க முடியாது. முப்பது வருடம் உபதபாலகத்தில் இருந்து ஊராருடைய கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான். எதை வாயால் சொல்லலாம், எதை எழுதி உறைக்குள் வைத்து ஒட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். இது ஒட்டவேண்டிய விசயம். ஆனால் நீ பிரித்து வாசித்த பிறகு யாருக்கும் காட்டலாம். காட்டச் சொல்லித்தான் கேட்கப்போகிறேன்.

அடுத்த மாதம் டொக்டர்மாரும் சித்த வைத்தியர்களும் கூடியிருக்கும் சபையில் நீ பேசப்போகும் பேச்சை எனக்கு அனுப்பியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். முதல் பந்தியிலேயே நான் வருகிறேன், படத்தோடு. தாய்க்கு மார்பில் புற்றுநோய் வந்தது, அதற்குக் கொடுத்த சிவப்பு மருந்து இதயத்தைப் பழுதாக்கக்கூடியது, தகப்பன் ஒவ்வொரு நாளும் மருதம்பட்டைக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தார், தாய் ஒரு நாளும் தவறாமல் குடித்தார், எட்டு வருடம் ஆகியும் அவருடைய இதயம் பழுதில்லை, அதனால்தான் நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. பெருமையில் அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுததற்குக் காரணம் வேறு. மகன், நான் அந்தக் கசாயத்தை ஒன்றரை மாதம்தான் குடித்தேன். மிச்ச நாலு மாதமும் அதைக் குடித்தது யன்னலடியில் நின்ற மாதுளை.

உனக்கு அப்போது உயர்தரப் பரீட்சைக் காலம். வீட்டில் நடந்ததில் பாதியை உனக்கு மறைத்தோம். மீதியை நீ உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்து பார்த்தாய். மருந்து தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை எங்கள் இருவரையும் இருத்திவைத்து விளக்கமாகச் சொன்னவர். சிவப்பு மருந்து மூன்று கிழமைக்கு ஒருதரமாக நாலு தரம் ஏறும், பிறகு வேறு மருந்து. சிவப்பு மருந்து நோயை நன்றாக அடிக்கும், ஆனால் சிலருக்கு இதயத்தையும் பழுதாக்கிவிடும். அதனால் ஓர் ஆளுக்கு ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவுக்குக் கீழேதான் எனக்குத் தருவார்கள், முன்னும் பின்னும் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவும் சொன்னார். உன் அப்பாவின் காதில் ஏறியது 'இதயத்தைப் பழுதாக்கும்' என்பது மட்டும்தான். இருபத்தைந்து வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கி, விசில் அடித்து, சில்லறை தேடி, எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டே பழகிய மனிதர். ஆஸ்பத்திரி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்றால் அவருக்கு அதுவே ஒரு நோய்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் வேறு ஆளுக்கொரு இலையோடு வந்தார்கள். ஒருவர் அன்னமுன்னா இலை, ஒருவர் நெல்லிச்சாறு, இன்னொருவர் உள்ளியைத் தேனில் ஊறப்போட்ட போத்தல். சுகம் விசாரிக்க வந்தார்களா, மருந்துக்கடை போட வந்தார்களா என்று எனக்கு எரிச்சல். அப்பாவோ எல்லாவற்றையும் வாங்கி ஒதுக்கிவைத்துவிட்டு, உடுப்பிட்டியில் இருந்த சித்த வைத்தியர், நம் பரியாரியாரிடம் தனியாகப் போய்வந்தார். இதயத்துக்கு மருதம்பட்டைதான் என்று முடிவாயிற்று. மருதமரம் எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்கவேண்டும். அவர் பஸ் ஏறி வன்னியில் ஒரு குளக்கட்டு வரைக்கும் போனார். சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும் என்று, போகும்போதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தில் உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்துவருவார். காயவைத்து இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை அடுப்பை விட்டு அசையமாட்டார். அந்த அடுப்புக்கு முன்னால்தான் அவருடைய முகத்தில் நான் பழைய கொண்டக்டரைக் கண்டேன். கடைசி பஸ் போய்விடவில்லை, இன்னும் ஆளை ஏற்றலாம் என்பது மாதிரி ஒரு முகம்.

முதலில் நான் உண்மையாகவே குடித்தேன். ஒரே துவர்ப்பு, குடித்தால் நாக்கு மரத்துப்போகும். ஆனாலும் காலையும் மாலையும் குடித்தேன். இரண்டாம் தரம் சிவப்பு மருந்து ஏறி ஒரு கிழமையில், கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தேன். நீதான் ஓடிவந்து தூக்கினாய். ஆஸ்பத்திரியில் பிரஷரை அளந்தால் நன்றாகக் குறைந்திருந்தது. டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வேறை ஏதும் நாட்டு மருந்து குடிக்கிறியளோ அம்மா?" இந்தக் கேள்விக்கு எங்கள் சனத்திடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "இல்லை டொக்டர்" என்றேன். ஏச்சும் பேச்சும் விழும் என்ற பயம் பாதி, படித்த பிள்ளைக்கு முன்னால் சொல்ல வெட்கம் பாதி. பக்கத்தில் நின்ற அப்பா தன் பங்குக்கு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தலையையும் ஆட்டினார்.

அந்த ஒரு 'இல்லை' என்ன செய்தது என்று கேள். கசாயம் ஒன்று இருக்கிறது என்று தெரியாத டொக்டர் வேறு எதை நினைப்பார்? சிவப்பு மருந்து இதயத்தில் கைவைத்துவிட்டதோ என்று நினைத்தார். மூன்றாம் தரம் ஏறவேண்டிய மருந்தைத் தள்ளிவைத்து, திரும்ப எக்கோ எடுக்க எழுதினார். அதில் பழுது தெரிந்தால் சிவப்பு மருந்தை அடியோடு நிறுத்தவேண்டி வரும் என்றார். இரண்டு கிழமை மருந்து ஏறவில்லை. நோய்க்கு இரண்டு கிழமை லீவு கொடுத்த புத்திசாலி நான்தான். வீட்டில் அப்பா பயத்தில் கசாயத்தை இன்னும் தடிப்பாக வற்றக் காய்ச்சினார். நான் அதையும் குடித்தேன்.

எக்கோ எடுக்கும் அன்று என்னை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் ஏதோ குளிர்ந்த களியைப் பூசி, ஒரு கருவியை வைத்து அழுத்திக்கொண்டு அந்த டொக்டர் பிள்ளையே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். என் இதயத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கறுப்பு வெள்ளையில், ஒரு சின்னக் கதவு திறந்து மூடித் திறந்து மூடி, யாரும் கேட்காமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உன்னைச் சுமந்தபோதும், தபாலகத்தில் நின்றபோதும், விழுந்தபோதும் இது இப்படியேதான் அடித்திருக்கிறது என்று நினைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டொக்டர், நான் மருதம்பட்டை குடிக்கிறனான்" என்றேன். அவர் கருவியை எடுக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"எவ்வளவு காலமா?" என்றார். சொன்னேன். "அம்மா, நான் பேசமாட்டன். மருதம்பட்டை கூடாதெண்டும் சொல்லமாட்டன். ஆனா நீங்கள் பிரஷர் குளிசையும் போடுறியள், சிவப்பு மருந்தும் ஏறுது. மூண்டும் ஒண்டாச் சேந்தா என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டை உங்களிலை பரீட்சை பாக்க ஏலாது. இது முடியுமட்டும் நிப்பாட்டுங்கோ. இனி ஒரு இலையைக் கடிச்சாலும் எனக்குச் சொல்லுங்கோ." எக்கோ நன்றாகவே இருந்தது. கசாயம் நின்றது, தலைசுற்று நின்றது, மூன்றாவதும் நாலாவதும் சிவப்பு மருந்து ஏறின.

நின்றது என்றால், நான் குடிப்பது நின்றது. காய்ச்சுவது நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொல்லத்தான் நினைத்தேன். கேற்றடியில் இறங்கியதும் பார்த்தால், முற்றம் முழுக்கச் சாக்கு விரித்துப் புதுப் பட்டை காயவைத்திருந்தார். இந்த முறை கூடக் கிடைத்தது என்று சிறுபிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். நல்லாய்க் காயட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். காலையில் அவர் கோப்பையை யன்னல் கட்டில் வைத்துவிட்டுச் சைக்கிளில் சந்தைக்குப் போவார். நான் கையை வெளியே நீட்டி மாதுளையின் அடியில் ஊற்றுவேன். அவர் திரும்பிவந்து, "குடிச்சிட்டீரோ?" என்பார். "ஓம்" என்பேன். நாலு மாதம், நாளுக்கு இரண்டு தரம். அந்த மாதுளை முதலில் இலை பழுத்தது, பிறகு நுனி கருகியது, கடைசியில் பட்டே போயிற்று. எதிர்வீட்டு ஆடுதான் கடித்தது என்று அப்பா அதற்குப் பேசாத பேச்சில்லை, அது நுழையும் வேலிப் பொட்டையும் அடைத்தார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்தெல்லாம் முடிந்து எக்கோ எடுத்தபோது இதயத்தில் ஒரு பழுதும் இல்லை. அன்றிலிருந்து உன் அப்பா எந்த பஸ்ஸில் ஏறினாலும் அந்தக் கதைதான். கொண்டக்டராக இருந்தவருக்கு பஸ்ஸுக்குள் குரல் எப்படி எழும்பும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீயும் அதைக் கேட்டுக் கேட்டே படித்தாய், அதையே ஆராயப் போனாய். ஒவ்வொரு படியிலும் நான் சொல்லியிருக்கவேண்டும். பரீட்சை முடியட்டும் என்றேன், பிறகு பட்டம் முடியட்டும் என்றேன். பிள்ளை இவ்வளவு ஆசையாகப் படிக்கும்போது ஏன் குழப்பவேண்டும் என்று எனக்கு நானே நல்ல பிள்ளைக்கு நடித்தேன். அது கோழைத்தனம், வேறு பெயர் வைக்க முடியாது.

இப்போதும் உன் பேச்சு மட்டும் வந்திருந்தால் ஒருவேளை நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் அதே கிழமை குருநகரில் இருந்து ஸ்ரெல்லா என்று ஒருத்தி வீடு தேடி வந்தாள். நாற்பது வயது இருக்கும், புருசன் கடற்றொழில், மூன்று பிள்ளைகள். கையில் ஒரு கொப்பி. "அம்மா, ஐயா பஸ்ஸிலை சொன்னவர், மருதம்பட்டை குடிச்சுத்தான் உங்கடை இருதயம் தப்பினதெண்டு. எனக்கும் வாற கிழமை சிவப்பு மருந்து தொடங்குது. பட்டை வாங்கிப்போட்டன். எவ்வளவு போட்டுக் காய்ச்சிறதெண்டு எழுதித் தாங்கோ." பேனையை எடுத்துவிட்டேன். எட்டுக்கு ஒன்று என்று எழுதப் போன கையை நிறுத்தி, "டொக்டருக்குச் சொன்னனீரோ?" என்று கேட்டேன். "ஐயோ, இல்லை. பேசுவினம்" என்றாள். நான் கிணற்றடியில் விழுந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளுடைய பிரஷர் எப்படியோ, அவள் வேறு என்ன குளிசை போடுகிறாளோ, அவள் விழுந்தால் தூக்க அந்த நேரம் வீட்டில் ஆள் இருக்குமோ. "இப்ப ஒண்டும் குடிக்காதையும் பிள்ளை, ரண்டு நாள் பொறும்" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று பின்னேரம் அப்பா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திருவலையில் கை நின்றது.

"எத்தினை நாள்?"

"நாலு மாதம்."

"அப்ப நான் நாலு மாதமா மாதுளைக்கோ காய்ச்சினனான்?"

"ஓம்."

"அதுதான் பட்டது."

"அதாயும் இருக்கலாம். கறையானாயும் இருக்கலாம்."

"நான் அந்த ஆட்டைப் பேசாத பேச்சில்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பாதித் தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய் வாசலில் இருந்தார். அவர் மனம் நொந்தது எனக்குத் தெரிந்தது, எனக்கும் நொந்தது. விளக்கு வைக்கிற நேரம் நான் பக்கத்தில் போய் இருந்தேன். "என்னட்டைச் சொல்ல உமக்குப் பயமோ?" என்றார். "பயமில்லை. உங்களைப் பாக்கப் பாவமா இருந்தது" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் ஒண்டு சொல்லவேணும். பரியாரியார் என்னட்டைக் கேட்டவர், இங்கிலீஸ் மருந்து ஏதும் ஏறுதோ, ஏறினா நான் உந்த முறையைச் சொல்லித் தரமாட்டன் எண்டு. நான் இல்லையெண்டு சொல்லித்தான் முறையைக் கேட்டு வந்தனான். படபடப்பு மட்டும்தான் எண்டனான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்பட எனக்கு என்ன வாய் இருக்கிறது? நினைத்துப் பார், மகன். டொக்டரும் சரியான கேள்வியைத்தான் கேட்டார், பரியாரியாரும் சரியான கேள்வியைத்தான் கேட்டார். இரண்டு மருத்துவமும் எங்களைக் கைவிடவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் பொய் சொன்னது நாங்கள். அவரிடம் இவரை மறைத்தோம், இவரிடம் அவரை மறைத்தோம், கடைசியில் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் மறைத்தோம். நடுவில் கிடந்தது என் இதயம். அது அவ்வளவையும் தாங்கிக்கொண்டு அடித்தது என்றால் அதற்குத்தான் மாலை போடவேண்டும்.

மறுநாள் காலையில் அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு குருநகருக்கு பஸ் ஏறினார். பஸ்ஸில் சொன்னதை பஸ்ஸில் போய்த்தானே திருப்பி எடுக்கவேண்டும். ஸ்ரெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, பட்டையையும் கொண்டுபோய் டொக்டருக்கே காட்டச் சொல்லியிருக்கிறார். நேற்று அவள் போன் எடுத்தாள். "அம்மா, சொப்பிங் பையோடை கொண்டுபோய் மேசையிலை வைச்சிட்டன். டொக்டர் பேசேல்லை. எடுத்து மூக்கிலை வைச்சு மணந்து பாத்தவ. இப்ப வேண்டாமாம், மருந்தெல்லாம் முடியக் கேக்கட்டாம். கோப்பிலையும் எழுதினவ." அவளுடைய குரலில் இருந்த ஆறுதலை நீ கேட்டிருக்கவேண்டும். எட்டு வருடத்துக்கு முன் நானும் அந்தப் பையை மேசையில் வைத்திருக்கலாம்.

இனி உன் விசயம். நீ வந்த வழி பொய்யாகிவிட்டது என்று இடிந்துபோகாதே. பிழையான பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய ஊரிலேயே இறங்கியவர்களை உன் அப்பா நிறையக் கண்டிருக்கிறார். மருதம்பட்டையில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவோ காலமாகப் பரியாரிமார் கொடுத்துவந்தது வீணுக்காக இராது. ஆய்வுகூடத்தில் உன் எலிகளில் நீ கண்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதே: எலிக்குப் புருசன் இல்லை, யன்னல் இல்லை, மாதுளையும் இல்லை. நீ கொடுத்தால் அது உள்ளே போகும். மனிதரில் அப்படி இல்லை. நாளைக்கு நீ நோயாளிகளிடம் போகும்போது, என்ன குடிக்கிறீர்கள் என்று மட்டும் கேளாதே. யார் காய்ச்சித் தருகிறார்கள் என்றும் கேள். காய்ச்சுகிற ஆள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேள். பேச்சு விழாது என்று முகத்தில் தெரியும்படி கேள். அந்த டொக்டர் பிள்ளை எனக்குக் காட்டிய முகம் அதுதான்.

இதயத்தைக் காக்கிற மூலிகை, அந்த மருந்திடமிருந்து நோயையும் சேர்த்துக் காத்துவிட்டால் என்ன செய்வது, அதையும் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் நீ எனக்குப் போனில் சொன்னாய். நினைவிருக்கிறதா? நான் அன்றைக்கு "ம்" என்று மட்டும் சொன்னேன். உண்மையில் எனக்கு உன்மேல் பெருமை வந்தது அன்றைக்குத்தான். தன் விருப்பத்துக்கு எதிராகவே கேள்வி கேட்கிற பிள்ளை பிழைபோகாது. ஆகவே அந்த முதல் பந்தியை மாற்று. என் படத்தை எடுக்காதே, அந்த நீலச் சேலையில் நான் வடிவாகத்தான் இருக்கிறேன். படத்துக்குக் கீழே உண்மையை எழுது: இது என் தாய், இவர் கசாயம் குடித்தார் என்று எட்டு வருடம் நம்பினேன், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குடிக்கவில்லை, இவரை வைத்து மருதம்பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அதனால்தான் ஒழுங்காக ஆராயவேண்டியிருக்கிறது. சபை சிரிக்கும். சிரிக்கட்டும், அப்பாவுக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சபையில் இருக்கும் ஒரு டொக்டராவது திரும்பிப்போய்த் தன் நோயாளியிடம் இன்னொரு தரம் கேட்பார்.

வேறென்ன. நேரத்துக்குச் சாப்பிடு. யாராவது அன்பாகத் தருகிறார்கள் என்பதற்காக வேண்டாததை வாங்கி யன்னலால் ஊற்றாதே. வேண்டாம் என்று சொல், கொஞ்சம் கோபிப்பார்கள், பிறகு ஆறிவிடுவார்கள். கலியாணம் கட்டினால் இது இன்னும் நன்றாக விளங்கும். அப்பா பழைய மாதுளையின் இடத்தை விட்டுவிட்டு, யன்னலுக்குக் கை எட்டாத தூரமாகப் பார்த்து ஒரு புது மாதுளை நட்டிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "குடியும்" என்றார். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். இன்றைக்குப் போகவில்லை. கோப்பை வெறுமையாகும்வரை யன்னலடியில் நிற்கிறார்.